அலுவலகத்தில் இசை: காதுக்கு எது சுகம்?



காலை ஒன்பது மணி. சிங்கப்பூரின் ஷென்டன் வேயிலோ கோலாலம்பூரின் ஜாலான் அம்பாங்கிலோ உயர்ந்து நிற்கும் கட்டடம் ஒன்றின் பதினைந்தாவது மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி திறக்கிறது. ஊழியர்கள் உள்ளே வருகிறார்கள், கணினியைத் திறக்கிறார்கள், பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கோர் உலகம்.

அந்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார். தீபாவளிக்கு மகள் வாங்கிக் கொடுத்த ஹெட்போனை ஆசையாகப் போட்டுக்கொள்கிறார். அது காதின் மேலேயே அழுந்தி உட்காரும் சிறிய வகை. அக்கா போட்டிருப்பதோ திருகாணி வைத்த தோடு. பதினொரு மணிக்குள் காது மடல் சிவந்துவிடும். பன்னிரண்டு மணிக்குத் தலைவலி வந்துவிடும். கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் தலை வலிக்கிறது என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

பக்கத்து மேசையில் பாலிடெக்னிக் முடித்துப் போன ஆண்டு வேலைக்குச் சேர்ந்த தம்பி. அவருடையது காதுத் துளைக்குள் நுழையும் இயர்போன். அளவு பொருந்தாததால் அடிக்கடி நழுவும். நழுவும்போதெல்லாம் பாட்டின் அடிநாதம் காணாமல் போகும். உடனே ஒலியைக் கூட்டிவிடுவார்.

"தம்பி, மேனேஜர் கூப்பிடுறாரு." பதில் இல்லை. "தம்பி!" அப்போதும் இல்லை. மூன்றாவது முறை அக்கா எழுந்து தோளைத் தொட்டதும் தம்பி திடுக்கிட்டுத் திரும்புகிறார்.

"சாரிக்கா, கேட்கல."

"உன் பாட்டு எனக்கே கேட்குது தம்பி. என் குரல் உனக்கு எப்படிக் கேட்கும்?"

இந்த இருவரும் கற்பனை மனிதர்கள்தாம். ஆனால் இவர்களைப் போன்றவர்கள் இல்லாத அலுவலகம் இன்று அரிது. வேலை நேரத்தில் பாட்டுக் கேட்பது சரியா தவறா என்ற பட்டிமன்றத்தை ஒரு பக்கம் வைத்துவிடலாம். பாட்டுக் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறார்கள். எதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "சவுண்ட் எப்படி இருக்கும்?" இரண்டாவது கேள்வி, "என்ன விலை?" நாள் முழுக்க மாட்டியிருந்தால் சுகமாக இருக்குமா என்று கேட்பவர் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். சுகம் என்பது ஆடம்பரம் அன்று. சரியாகப் பொருந்தாத கருவி நம்மை அறியாமலேயே ஒலியைக் கூட்ட வைக்கும். சரியாகப் பொருந்திய கருவி ஒலியைக் குறைக்க வைக்கும். எனவே காதின் சுகமும் காதின் பாதுகாப்பும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள்.

வேலையும் இசையும்

வேலை செய்யும் இடத்தில் இசை என்பது புதிய பழக்கம் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 ஜூன் 23ஆம் தேதி, பிரிட்டனின் பிபிசி வானொலி 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலை ஊழியர்களுக்காகவே காலையில் அரை மணி நேரம், பிற்பகலில் அரை மணி நேரம் இசை ஒலித்தது. 1967 வரை இந்த நிகழ்ச்சி நீடித்தது. எந்தப் பாட்டு வேலைக்கு ஏற்றது என்பதிலும் பிபிசி கவனமாக இருந்தது. கைதட்டத் தூண்டும் ஒரு பிரபலமான அமெரிக்கப் பாட்டை இந்த நிகழ்ச்சியில் ஒலிபரப்பக் கூடாது என்று முடிவு செய்தது. பாட்டைக் கேட்டதும் தொழிலாளர்கள் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டுத் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள் என்பதே காரணம்.

அன்று ஒலிபெருக்கியில் வந்த ஒரே இசையை எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். அதைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது ஹெட்போன்.

1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அது தந்திச் செய்தி கேட்பதற்கான கருவி. 1958இல் ஜான் காஸ் என்பவர் மில்வாக்கி நகரில் ஸ்டீரியோ இசை கேட்பதற்கான ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அதுவரை 300, 400 கிராம் எடையில் இருந்த ஹெட்போனுக்குப் பதிலாகச் சுமார் 50 கிராம் எடையில் ஒன்று அதனுடன் வந்தது. வாக்மேனின் வெற்றிக்கு அந்த எடைக் குறைவும் ஒரு காரணம். தலைக்குப் பாரமாக இருந்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு தெருவில் யார் நடந்திருப்பார்கள்?

எடை, பிடிமானம், மெத்தை

ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: எடை, பிடிமானம், காது மெத்தை.

முதலில் எடை. பெட்டியின் மேலேயோ தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலோ எடை எழுதியிருக்கும். சோனியின் டபிள்யூஎச் 1000 எக்ஸ்எம்5 என்ற ஹெட்போன் சுமார் 250 கிராம். ஆப்பிள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஏர்போட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். இரண்டும் பெயர் பெற்றவைதாம். ஆனால் இடையில் 130 கிராமுக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்க்கும்போது அது தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்குக் கழுத்து சொல்லும்.

இரண்டாவது பிடிமானம். ஹெட்போன் தலையை இரு பக்கமும் எவ்வளவு அழுத்துகிறது என்பதே பிடிமானம். அழுத்தம் மிகுந்தால் தாடை வலிக்கும், தலை கனக்கும். குறைந்தால் நழுவும், காதுக்கும் மெத்தைக்கும் இடையில் சந்து விழும். அந்தச் சந்து வழியாக முதலில் வெளியேறுவது அடிநாதம். பாட்டு சப்பென்று ஆகும். உடனே கை தானாக ஒலியைக் கூட்டும். புதிய ஹெட்போன் சற்றே இறுக்கமாக இருந்தால், தலையைவிடக் கொஞ்சம் அகலமாகப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் ஓரிரவு மாட்டி வைத்தால் கொஞ்சம் தளரும். அதற்கும் தளராவிட்டால் அது உங்கள் தலைக்கு உரியது அன்று.

மூன்றாவது மெத்தை. இதில் இரண்டு வகை உண்டு. காதின் மேல் அழுந்தி உட்காருவது ஒன்று. காதை முழுவதும் சுற்றி வளைத்து, தலையின் மேல் உட்காருவது மற்றொன்று. நாள் முழுக்க மாட்டுவதாக இருந்தால் இரண்டாவது வகையே நல்லது. காது மடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு. அதை மணிக்கணக்கில் நசுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? சுற்றி வளைக்கும் வகையை வாங்கும்போது காது முழுவதும் உள்ளே அடங்குகிறதா, உள்ளிருக்கும் கடினமான பகுதி காதைத் தொடுகிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் பெண்களுக்குத் தோடு ஒரு தனிப் பிரச்சினை. திருகாணியின் முனை காதுக்குப் பின்னால் இருக்கும். மேலிருந்து ஹெட்போன் அழுத்தினால் அது பின்பக்கத் தோலில் குத்தும். கணக்குப் பிரிவு அக்காவின் பாதித் தலைவலிக்குக் காரணம் அதுதான். அவர் தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை, ஹெட்போனை மாற்றினால் போதும். ஜிமிக்கி போடுகிறவர்கள், கொண்டை போடுகிறவர்கள், துடோங் அணியும் மலாய்த் தோழியர், தலைப்பாகை கட்டும் சீக்கிய நண்பர்கள் எல்லாரும் தாங்கள் வேலைக்கு வரும் அதே கோலத்தில் போய் மாட்டிப் பார்த்து வாங்குவதே சரி.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கும் இதே கதைதான். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொண்டு காதுக்கு மேலே அழுத்தும். அதே இடத்தில் சந்தும் விழும். இவர்களுக்கு மென்மையான, ஆழமான மெத்தையும் குறைந்த பிடிமானமும் வேண்டும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் உதவும்.

நம் ஊர் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. அலுவலகத்தில் குளிர்சாதனம் இருந்தாலும் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வந்தவருக்குக் காது வியர்த்திருக்கும். செயற்கைத் தோல் மெத்தை வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும். ஆனால் வியர்வையும் ஈரப்பதமும் அதற்குப் பகை. சில காலத்தில் உரிந்து கறுப்புத் தூளாக உதிரும். துணி மெத்தை குளிர்ச்சியாக இருக்கும், சத்தத்தைச் சற்றுக் குறைவாகவே அடைக்கும். எதை வாங்கினாலும் மெத்தையைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். மெத்தை போனதற்காக முழு ஹெட்போனையும் தூக்கிப் போடுவது காசுக்குக் கேடு.

காதுக்குள் நுழைபவை

இயர்போன் வாங்கும்போது பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு ரப்பர் முனைகள் இருக்கும். பெரும்பாலோர் கருவியில் ஏற்கெனவே மாட்டியிருப்பதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். மற்ற இரண்டும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். நம் தம்பி செய்த தவறும் அதுதான். ஒருவருக்கே வலக் காதும் இடக் காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு காதிலும் மூன்றையும் போட்டுப் பார்த்து, எதில் வெளிச் சத்தம் குறைந்து அடிநாதம் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்தால் துளை நேராகி முனை சரியாக உட்காரும். வலிக்கும்படி திணிக்கக் கூடாது.

இந்த வகை எடையில்லாதது, தோட்டுக்கும் கண்ணாடிக்கும் இடைஞ்சல் செய்யாதது. ஆனால் காதை மணிக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கும், காதுக் குறும்பி உள்நோக்கித் தள்ளப்படும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் காற்றுப் பட விடுவது நல்லது. முனையை அவ்வப்போது கழுவி உலர்த்த வேண்டும். பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைவது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். "இந்தா, நீயும் கேள்" என்று ஒருவர் இயர்போனை மற்றவர் காதில் வைப்பது அன்பின் அடையாளமாக இருக்கலாம், சுகாதாரத்துக்கு நல்லதன்று.

காதைத் தொடாமல் கன்னத்தின் எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கருவிகளும் உண்டு. காது திறந்தே இருப்பதால் அழைப்பவர் குரல் கேட்கும். ஆனால் இரைச்சலான இடத்தில் அதன் ஒலியையும் கூட்டத்தான் தோன்றும். எலும்பு வழியாக வந்தாலும் ஒலி போய்ச் சேருவது அதே உட்செவிக்குத்தான்.

சத்தத்தை அடக்கும் கருவி

இன்று கடைக்காரர்கள் முதலில் சொல்வது, "இதில் நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறது" என்பதே. இதன் பின்னணியில் ஓர் இந்திய வம்சாவளியினர் இருக்கிறார். அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மகன், எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது கொடுக்கப்பட்ட ஹெட்போனில் இயந்திர இரைச்சலால் இசையை ரசிக்க முடியவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000இல் பொதுமக்களுக்கான கருவி வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. ஹெட்போனில் உள்ள சிறு ஒலிவாங்கி வெளி இரைச்சலைக் கேட்கிறது. அதற்கு நேரெதிரான அலையைக் கருவி உருவாக்குகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமதளம் ஆவதுபோல் இரைச்சல் குறைகிறது. விமான இயந்திரம், ரயில், குளிர்சாதனக் கருவி போன்ற ஒரே சீரான, தாழ்ந்த ஒலிகளை இது நன்றாக அடக்கும். மனிதர்களின் பேச்சை அவ்வளவாக அடக்காது. பேச்சு நொடிக்கு நொடி மாறுவது, அதில் உயர்ந்த ஒலிகளும் உண்டு. அலுவலகத்தில் நமக்குத் தொல்லையாக இருப்பது பெரும்பாலும் பக்கத்து மேசைப் பேச்சுதானே? அதைத் தடுப்பதில் நன்றாகப் பொருந்திய மெத்தைக்கும் ரப்பர் முனைக்கும் பெரும் பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பெரும் தொகை கொடுத்து வாங்கிவிட்டு, "பேச்சு கேட்கத்தானே செய்கிறது" என்று புலம்புவதில் பயனில்லை.

ஆனால் ரயிலில் போகிறவருக்கு இந்த வசதி உண்மையான நன்மை தருகிறது. இரைச்சல் குறைந்தால் பாட்டைக் கூட்ட வேண்டியதில்லை.

பின்பக்கம் திறந்த ஹெட்போன்களும் கடைகளில் உண்டு. காற்றோட்டமாகவும் இயல்பான ஒலியுடனும் இருக்கும். வீட்டில் தனியாக வேலை செய்பவருக்கு நல்ல தேர்வு. அலுவலகத்தில் அதை மாட்டினால் உங்கள் பாட்டைப் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து கேட்பார்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

நேயர்களே, சுகமான கருவி வாங்கியாகிவிட்டது. இனிமேல்தான் பெரிய எச்சரிக்கை. ஹெட்போன் சுகமாக இருந்தால் கழற்றவே தோன்றாது. காது கெடும்போது வலிக்காது. ஒலி ஏறத்தாழ 120 டெசிபலைத் தொடும் வரை காது வலி என்று எதையும் சொல்வதில்லை. கெடுதல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 89 என்றால் 5 மணி நேரம். 92 என்றால் இரண்டரை மணி நேரம். இவை ஒரு நாளுக்கு உரிய கணக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு உரியவை.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவரின் வேலை வாரமும் 40 மணி நேரம்தான். அலுவலகத்தில் நாள் முழுக்க 80 டெசிபலில் கேட்பவர் ஒரு வாரத்துக்குரிய பங்கு முழுவதையும் அலுவலகத்திலேயே செலவழித்துவிடுகிறார். ரயில் பயணத்துக்கும் வீட்டுக்கும் மிச்சம் ஒன்றும் இல்லை. 89 டெசிபலில் கேட்கும் தம்பியோ திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே வாரக் கணக்கை முடித்துவிடுகிறார்.

உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு காதிலும் அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழை உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சொல்பவை இவைதாம். மனிதர்களுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பெருஞ்சத்தத்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அப்படி அடிபட்டவருக்குப் பிறர் பேசுவது காதில் விழும், சொற்கள் பிரிந்து விளங்காது. "என்ன சொன்னீங்க?" என்ற கேள்வி அடிக்கடி வரும். குழந்தைகளின் மெல்லிய குரல் தெளிவாக இராது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடிக்கொண்டே போகும்.

தொழிற்சாலைகளுக்கு இதற்காகவே சட்டம் உண்டு. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்தன. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் நாள் வரம்பு 85 டெசிபல்தான். அதிலும் 82 டெசிபலைத் தாண்டினாலே அது மிகையான இரைச்சல் என்று கருதப்படுகிறது. இயந்திர இரைச்சலை அளக்க அதிகாரி வருவார். ஊழியர் தம் காதில் தாமே ஊற்றிக்கொள்ளும் பாட்டை அளக்க யாரும் வரப்போவதில்லை. அந்தப் பொறுப்பு அவரவருடையது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. காலையில் அலுவலகம் அமைதியாக இருக்கும்போது ஒலியை வைத்துவிட்டு, பிறகு கூட்டாமல் இருக்கலாம். ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஒலி வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை வைத்துவிட்டால் போதும். ஹெட்போனைக் கழற்றியதும் காதில் ரீங்காரம் கேட்டாலோ, காது அடைத்ததுபோல் இருந்தாலோ, காது எச்சரிக்கிறது என்று பொருள். அது தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது.

எந்த வேலைக்கு எந்தப் பாட்டு?

எல்லா வேலைக்கும் எல்லாப் பாட்டும் பொருந்தாது. பிரெஞ்சு ஆய்வாளர் பியர் சலாமே, பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆலன் பேட்லி இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையாகக் காட்டிய எண்களை நினைவில் வைத்துச் சொல்லும் வேலைக்கு வாய்ப்பாட்டு கருவி இசையைவிட அதிக இடைஞ்சல் செய்ததாகக் கண்டார்கள். வீட்டு அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் யாராவது எண்களைச் சொன்னால் என்ன ஆகும்? கடிதம் எழுதுகிறவர், கணக்குச் சரிபார்க்கிறவர் வீணை, புல்லாங்குழல், நாதஸ்வரம் என்று கருவி இசையாகக் கேட்கலாம். கோப்பு அடுக்குகிறவர், பழகிப்போன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் பிடித்த திரைப்பாட்டைக் கேட்கலாம்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர் வேலை நேரத்தில் பாட்டுக் கேட்பது ஆபத்து. பின்னால் வரும் வண்டியின் ஒலி கேட்கவில்லை என்றால் உயிரே போகலாம். இரைச்சலான பட்டறையில் பாட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வது செவிக்காப்பு ஆகாது. அதற்கென்று தரச் சான்று பெற்ற செவிக்காப்புக் கருவி தனியாக உண்டு.

பக்கத்து மேசை

கடைசியாக ஒரு செய்தி. 1979இல் வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும். சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அக்கியோ மொரிட்டா அந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டுக் கேட்டபோது, தம்மை ஒதுக்கியதுபோல் அவர் மனைவிக்கு வருத்தம் ஏற்பட்டதாம். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையாக இராது என்று மொரிட்டாவுக்குத் தோன்றியது. பிற்காலத்தில் அந்தப் பொத்தானும் போய்விட்டது, இரண்டாவது துளையும் போய்விட்டது. இன்றைய கருவிகளில் வெளி ஒலியை உள்ளே விடும் வசதி மீண்டும் வந்திருக்கிறது. ஆனால் அதைவிடச் சிறந்த வசதி ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. யாராவது அருகில் வந்து பேசினால் ஹெட்போனைக் கழற்றுவது. இதற்கு மின்கலம் தேவையில்லை.

வள்ளுவர் கேள்வி என்ற தலைப்பில் ஓர் அதிகாரமே பாடினார். காதால் பெறும் செல்வத்தை எல்லாச் செல்வங்களிலும் தலையாயதாக வைத்தார். இசையும் அந்தச் செல்வத்தில் சேர்ந்ததுதான். பக்கத்து மேசை அக்காவின் குரலும் அந்தச் செல்வத்தில் சேர்ந்ததுதான். அறுபது வயதில் பேரப்பிள்ளை காதோடு வந்து சொல்லப்போகும் ரகசியமும் அதில் சேர்ந்ததுதான். இருபத்தைந்து வயதில் அந்தச் செல்வத்தை ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டால் அறுபது வயதில் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை.

எனவே அடுத்த முறை சிம் லிம் ஸ்கொயருக்கோ லோ யாட் பிளாசாவுக்கோ போகும்போது அவசரப்படாதீர்கள். அணியும் தோட்டோடும் கண்ணாடியோடும் போங்கள். கடைக்காரர் அனுமதித்தால் பதினைந்து, இருபது நிமிடம் மாட்டிப் பாருங்கள். தலையை ஆட்டிப் பாருங்கள், குனிந்து நிமிருங்கள். எடையைக் கேளுங்கள், மெத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிறகு முக்கியமான ஒரு சோதனை செய்யுங்கள். ஒலியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மிகக் குறைந்த ஒலியிலும் பாட்டு நிறைவாக இருக்கிறது என்று எந்தக் கருவியில் தோன்றுகிறதோ, அதுதான் உங்களுக்குரியது. அது 50 வெள்ளியாக இருந்தாலும் சரி, 500 வெள்ளியாக இருந்தாலும் சரி.

கணக்குப் பிரிவு அக்கா காதைச் சுற்றி வளைக்கும் இலேசான ஹெட்போனுக்கு மாறட்டும். தம்பி இழுப்பறையில் கிடக்கும் சிறிய ரப்பர் முனையைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளட்டும். அப்போது அக்காவுக்கு மாத்திரை தேவைப்படாது. தம்பியை மூன்று முறை கூப்பிடவும் வேண்டியிராது.